எந்தக் கதவு எந்தத் தாளுக்கு?

கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் மென்பொருளின் 2023ஆம் பதிப்பில் ஒரு சிறிய டிக் கட்டம் புதிதாக வந்து சேர்ந்தது. அட்டவணையின் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் அதன் பெயர் ‘ஃபில்டர் பை ஷீட்’. அதில் டிக் போட்ட கதவு அட்டவணையை எந்த வரைதாளில் கொண்டுபோய் வைத்தாலும், அந்தத் தாளின் வரைபடங்களில் தெரிகிற கதவுகள் மட்டுமே அதில் வரும். அதே அட்டவணையை அடுத்த தாளில் வைத்தால் அந்தத் தாளின் கதவுகள் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பச் சமாசாரம். கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகங்களுக்கோ பல ஆண்டுக் கோரிக்கை.

வசதி வந்துவிட்டது, சரி. அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. ஒரு பொருள் ஒரு தாளுக்கு உரியது என்று எதை வைத்து முடிவு செய்வது? அது அந்தத் தாளில் கண்ணில் படுவதை வைத்தா, அதற்கென்று எழுதிவைத்த தகவலை வைத்தா? மென்பொருளுக்கு மென்பொருள் பதில் மாறுகிறது. கதவுக்கு ஒரு பதிலும் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கு வேறு பதிலும் வேண்டியிருக்கிறது.

நம்மூர் வேலைத்தள வரைபடங்களைப் பார்த்தவர்களுக்கு டி1, டபிள்யூ1, வி1 என்ற குறிகள் பழக்கம். டி என்றால் கதவு, டபிள்யூ ஜன்னல், வி வென்டிலேட்டர். தளவரைபடத்தில் குறி மட்டும்தான் இருக்கும். அகலம், உயரம், மரமா யுபிவிசியா, மொத்தம் எத்தனை என்பதெல்லாம் ஷெட்யூல் என்று எல்லோரும் சொல்லும் அந்த அட்டவணையில். இரண்டும் ஒரே தாளில் இருந்தால்தான் பயன். தச்சருக்கோ அலுமினிய ஃபேப்ரிகேட்டருக்கோ வரைபடக் கட்டு முழுவதும் போய்ச் சேர்வது அபூர்வம். தமக்கு வேண்டிய ஒரு தாளின் நகலோ வாட்ஸ்அப்பில் வந்த படமோதான் கையில் இருக்கும். அந்தத் தாளில் உள்ள பதினெட்டுக் கதவுகளுக்காக முந்நூறு வரி அட்டவணையைத் துழாவச் சொன்னால் அவர் துழாவ மாட்டார். ஃபோன் செய்வார்; லைன் கிடைக்காவிட்டால் தாமே ஓர் அளவை முடிவு செய்துவிடுவார்.

கையால் வரைந்த காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. டிராஃப்ட்ஸ்மேன் தான் வரைந்த தாளைத் தானே எண்ணி, தாளின் ஓரத்தில் அட்டவணை போட்டார். தாளும் அட்டவணையும் ஒரே கையிலிருந்து வந்தன. தப்பும் அதே கையிலிருந்து வந்தது: ஒரு கதவை அடித்துவிட்டு அட்டவணையில் எண்ணிக்கையைத் திருத்த மறப்பது அன்றாடம் நடந்தது. 1982இல் கணினியில் வரைய உதவும் ஆட்டோகேட் வந்த பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. கோடுகளையும் எழுத்துகளையும் சேர்த்து அட்டவணை வரைந்தார்கள். அட்டவணை என்றே தனியாக ஒரு பொருள் அதில் வந்தது 2005ஆம் பதிப்பில்தான்.

இந்தத் தப்புகளுக்கு மருந்தாகத்தான் கட்டடத்தையே ஒரு தரவுத்தளமாக வைத்திருக்கும் யோசனை பிறந்தது. 1975இல் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில், வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். ஒரு மாற்றத்தை ஓரிடத்தில் செய்தால் அதைக் காட்டும் எல்லா வரைபடங்களும் தாமாகத் திருந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. இயந்திரப் பொறியியல் மென்பொருளில் தேர்ந்த லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்ரைஸ் இருவரும் 1997இல் தொடங்கிய நிறுவனம் 2000இல் ரெவிட்டை வெளியிட்டது. 2002இல் ஆட்டோகேட்டின் நிறுவனமான ஆட்டோடெஸ்க் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. ரெவிட்டில் தளவரைபடம், வெட்டுத்தோற்றம், அட்டவணை எல்லாமே ஒரே மாடலைப் பார்க்கும் வெவ்வேறு பார்வைகள். அட்டவணையில் ஒரு கதவின் வகையை மாற்றினால் தளவரைபடத்திலும் மாறும். எண்ணிக்கைத் தப்பு ஒழிந்தது.

ஆனால் டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தெரிந்திருந்த ஒன்று மாடலுக்குத் தெரியவில்லை: எது எந்தத் தாளில் இருக்கிறது என்பது. கதவுக்குத் தன் தளம் தெரியும், தன் சுவர் தெரியும், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் திறக்கிறது என்பதும் தெரியும். தாள் மட்டும் தெரியாது. பெரிய தளவரைபடத்தைப் பல தாள்களுக்காகத் துண்டாக்கும் எல்லைக்கோடுகள் அந்தப் பார்வைக்கு மட்டுமே சொந்தம். அட்டவணை அவற்றை மதிப்பதில்லை. கட்டடம் முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் உள்ள ஆறு மாடி மருத்துவமனை. ஏ1 தாள் 841க்கு 594 மில்லிமீட்டர். 1:50 அளவில் அதில் அதிகபட்சம் 42க்கு 30 மீட்டர் அடங்கும். தலைப்புக் கட்டமும் அட்டவணைக்கான இடமும் போக இன்னும் குறையும். ஆக, மாடிக்கு நான்கு தாள். ஆறு மாடிக்கு 24. ஒவ்வொன்றிலும் ஒரு கதவு அட்டவணை வேண்டும்.

பழைய வழி, அட்டவணையை 24 பிரதி எடுப்பது. ஆறு மாடியைப் பிரிப்பது எளிது: தளம் என்ற புலத்தை வைத்து வடிகட்டலாம். மாடிக்குள் நான்கு பகுதிகளைப் பிரிக்க மாடலில் எதுவும் கிடையாது. எனவே ‘பகுதி’ என்றோ ‘தாள் எண்’ என்றோ ஒரு பாராமீட்டரை உருவாக்கி, கதவு கதவாகத் தேர்ந்தெடுத்து மதிப்பைத் தட்டச்சு செய்ய வேண்டும். வடிகட்டப் பயன்படும் புலம் அட்டவணையிலும் இருந்தாக வேண்டும் என்பதால் அதைச் சேர்த்துவிட்டு, அச்சில் வராமல் மறைத்து வைக்க வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் அந்த மறைந்த புலத்தை ‘தேவையில்லாதது’ என்று நீக்கினால், வடிகட்டலும் கூடவே போய்விடும். பதினெட்டு வரி அட்டவணை திடீரென்று முந்நூறு வரியாகித் தாளுக்கு வெளியே நீளும். அப்படி நீள்வதாவது கண்ணில் படும். கண்ணில் படாத ஆபத்து வேறு: புதிதாக வைத்த கதவுக்குப் பகுதி எண் கொடுக்க மறந்தால், அது 24 அட்டவணைகளில் எதிலுமே வராது. தளவரைபடத்தில் இருக்கும், கட்டுமானத்தில் ஓட்டை விடப்படும், கதவுக்கு மட்டும் ஆர்டர் போயிருக்காது.

இதற்கிடையில் தீயணைப்புத் துறையின் கேள்விக்காக ‘தீத்தாங்கு நேரம்’ என்று ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டி வந்தால், 24 முறை அதே வேலை. அட்டவணைகளுக்கான டெம்ப்ளேட் இதற்கு ஓரளவு கைகொடுத்தது. புலங்கள், தோற்றம் முதலியவற்றை டெம்ப்ளேட்டின் கட்டுப்பாட்டில் விட்டு, ஃபில்டரை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கலாம். இதைத் தெரிந்து பயன்படுத்திய அலுவலகங்கள் பிழைத்தன. மற்றவை எக்செலுக்கு ஏற்றுமதி செய்து, அங்கே வெட்டி ஒட்டி, படமாக மாற்றித் தாளில் வைத்தன. ஈஸ்ட்மன் முன்வைத்த யோசனைக்கு முற்றிலும் எதிரான வேலை இது. ஆனால் தாள் அனுப்ப வேண்டிய இரவில் கொள்கை யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் டைனமோ பக்கம் போனார்கள். ரெவிட்டோடு சேர்ந்து இயங்கும் காட்சிவழி நிரலாக்கக் கருவி அது. ஒவ்வொரு தாளாக எடுத்து, அதிலுள்ள பார்வைகளைக் கண்டுபிடித்து, அவற்றில் தெரியும் கதவுகளைத் திரட்டி, தாள் எண்ணை அந்தக் கதவுகளின் பாராமீட்டரில் எழுதும் ஸ்கிரிப்ட். தட்டச்சுத் தொல்லை போயிற்று. ஆனால் ஸ்கிரிப்டைக் கடைசியாக எப்போது ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அட்டவணையின் உண்மை. நேற்று ஓட்டியிருந்தால் நேற்றைய உண்மை.

வடிகட்டும் நிபந்தனைகளிலும் ஒரு குறை. ரெவிட் பார்வைகளுக்கான ஃபில்டரில் ‘அல்லது’ என்று நிபந்தனைகளைச் சேர்க்கும் வசதி 2019ஆம் பதிப்பில் வந்தது. அட்டவணை ஃபில்டரோ நெடுங்காலம் ‘மற்றும்’ என்ற ஒரே இணைப்பையே அறிந்திருந்தது. இரண்டாம் பகுதி ‘அல்லது’ மூன்றாம் பகுதி என்று கேட்க வழியில்லாமல், அதற்கென்றே இன்னொரு ஆம்-இல்லை பாராமீட்டரைச் செய்ய வேண்டியிருந்தது. ஹங்கேரியில் 1982இல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்ச்சிகேட் இந்த விஷயத்தில் தாராளம்: ‘மற்றும்’, ‘அல்லது’, அடைப்புக்குறிகள் எல்லாம் வைத்து நிபந்தனை எழுதலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஹோம் ஸ்டோரி’ என்று ஒரு சொந்தத் தளமும் அதில் உண்டு. பொருள் இரண்டு மாடிகளில் தெரிந்தாலும் கணக்கில் ஒரு மாடிக்கே உரியது. இந்தக் கருத்து பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு சிரமத்துக்கும் விடையாகத்தான் அந்த டிக் கட்டம் வந்தது. 2022ஆம் பதிப்பு நீளமான அட்டவணையைத் துண்டாக்கிப் பல தாள்களில் வைக்க வழி செய்திருந்தது. ஆனால் அந்தத் துண்டுகள் நீளத்தைப் பொறுத்தவை, உள்ளடக்கத்தைப் பொறுத்தவை அல்ல. 2023ஆம் பதிப்பில்தான் அட்டவணை தான் இருக்கும் தாளைத் திரும்பிப் பார்த்தது. 24 பிரதிகள் ஒன்றாகின. புதிய பத்தி சேர்ப்பது ஒரு முறை வேலை. பகுதி எண்ணை மறந்ததால் கதவு காணாமல் போகும் ஆபத்து இல்லை: தளவரைபடத்தில் தெரிந்தால் அட்டவணையில் உண்டு.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 19650 தரத்தைப் பின்பற்றும் திட்டங்களில் ஒவ்வொரு தாளுக்கும் தனித் திருத்த எண் உண்டு; உள்ளே மாறினால் எண்ணும் மாற வேண்டும். கட்டடம் முழுவதுக்குமான அட்டவணையை 24 தாளிலும் வைத்திருந்தால், ஐந்தாம் மாடியில் ஒரு கதவை மாற்றினாலும் 24 தாளும் மாறியதாகிவிடும். தாள்வாரி அட்டவணையில் அந்தக் கதவு தெரியும் தாள் மட்டும் திருத்தம் பெறும். வரைபடம் அனுப்பிப் பதிவேடு பராமரிப்பவருக்கு இது சிறிய நிம்மதி இல்லை.

இனி மறுபக்கம். ‘தெரிவது’ என்பது கேட்க எளிது. தாளில் என்னவெல்லாம் தெரிகிறது என்று பட்டியலிட்டால்தான் சிக்கல் புரியும். பல தாள்களின் மூலையில் முழுக் கட்டடத்தையும் சிறிதாகக் காட்டும் கீ பிளான் இருக்கும். அதில் கதவுகளை அணைத்து வைக்காவிட்டால், மாடியின் எல்லாக் கதவுகளும் அந்தத் தாளில் தெரிவதாகவே கணக்காகும். அழகுக்காக ஒரு முப்பரிமாணப் படத்தை வைத்தால் மற்ற மாடிகளும் உள்ளே வந்துவிடும். பகுதிகள் சேரும் மேட்ச் லைன் ஓரத்தில் இரண்டு தாளுக்கும் பொதுவாகச் சிறிது இடம் விடுவது வழக்கம். அங்கே உள்ள கதவு இரண்டு அட்டவணைகளிலும் வரும். தளவரைபடத்தை வாசிப்பவருக்கு அதனால் தொந்தரவில்லை. 24 அட்டவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஆர்டர் கொடுப்பவருக்கு நஷ்டம்.

இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று. முன்பெல்லாம் ஒரு பொருளைப் பார்வையில் மறைப்பது வெறும் தோற்ற விஷயம். அளவுக்கோடு எழுத்தின் மேல் விழுகிறதென்று ஒரு ஜன்னலை மறைத்தாலும் அட்டவணையில் அது பத்திரமாக இருந்தது. இப்போது அப்படி மறைத்தால் அந்தத் தாளின் அட்டவணையிலிருந்தும் அது கழன்றுகொள்ளும். வரைபடத்தை அழகுபடுத்துகிறவர், தான் எண்ணிக்கையை மாற்றுகிறோம் என்று அறியாமலே மாற்றுகிறார். சரிபார்ப்பவருக்கும் இது எளிதில் தெரியாது. அட்டவணையைத் தனியாகத் திறந்தால் கட்டடம் முழுவதின் பட்டியலும் வரும். வடிகட்டிய பட்டியல் தாளில் மட்டுமே தெரியும். திரையில் அட்டவணையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர், அச்சில் போகும் அட்டவணையைச் சரிபார்த்தவர் ஆகமாட்டார்.

கதவு, ஜன்னல், தரை-சுவர்ப் பூச்சு, விளக்கு வகை ஆகியவற்றில் இந்த ஆபத்துகளை ஒழுங்கால் சமாளிக்கலாம். அவற்றின் அட்டவணை பெரும்பாலும் குறிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலையையே செய்கிறது: டி3 என்றால் என்ன என்று அந்தத் தாளிலேயே தெரிய வேண்டும். தாளில் டி3 தெரிகிறது, அதனால் அட்டவணையிலும் டி3 வருகிறது. காரணமும் விளைவும் பொருந்துகின்றன. கம்பிக்கு வரும்போது கதை வேறு.

பார் பெண்டிங் ஷெட்யூல், பேச்சில் பிபிஎஸ், வெறும் விளக்கக் குறிப்பு இல்லை. அதை வைத்துத்தான் கம்பி வெட்டப்படுகிறது, வளைக்கப்படுகிறது, எடை போட்டுப் பில் எழுதப்படுகிறது. இந்தியாவில் கம்பி வளைப்பதற்கும் கட்டுவதற்கும் உரிய ஐஎஸ் 2502 தரம் 1963லேயே வந்துவிட்டது. பிரிட்டனின் பிஎஸ் 8666 தரம் இன்னும் கறாரானது. அதில் கம்பி அட்டவணையின் அடையாள எண்ணே ஆறு எழுத்துக்குறிகளால் ஆனது: முதல் மூன்று வரைபட எண்ணின் கடைசி மூன்று, அடுத்த இரண்டு அட்டவணையின் வரிசை எண், கடைசி எழுத்து திருத்தம். 046 02 ஏ என்று இருந்தால், 046இல் முடியும் வரைபடத்தின் இரண்டாம் அட்டவணை, முதல் திருத்தம். அட்டவணை எந்த வரைபடத்துக்குச் சொந்தம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்த விஷயம் இல்லை; பொறியாளர் எடுக்கும் முடிவு. ஒரு கம்பி எத்தனை வரைபடங்களில் தெரிந்தாலும் ஒரே ஒரு அட்டவணையில்தான் எண்ணப்பட வேண்டும்.

அடித்தளத்திலிருந்து தூணுக்குள் நீளும் டவல் கம்பிகளை எடுத்துக்கொள்வோம். அடித்தள வரைபடத்திலும் தெரியும், தூண் வரைபடத்திலும் தெரியும், தெரியாவிட்டால்தான் தப்பு. 40 தூண், தூணுக்கு 8 கம்பி, ஒவ்வொன்றும் 2 மீட்டர், 16 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தால் 640 மீட்டர். மீட்டருக்கு 1.58 கிலோ என்பது எல்லா மேஸ்திரிக்கும் தெரிந்த கணக்கு. ஒரு டன்னுக்குச் சற்று மேல். ‘தாளில் தெரிவது’ என்ற விதியை இங்கே பயன்படுத்தினால் அந்த ஒரு டன் இரண்டு பிபிஎஸ்ஸில் ஏறும். ஒரே ஒரு விவரத்தில் இவ்வளவு என்றால், ஸ்லாப்பும் பீமும் சேருமிடங்களை எல்லாம் கூட்டிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. ரெவிட்டில் இதற்கு உருப்படியான வழி, கம்பிகளுக்கென்று உள்ள ‘பார்ட்டிஷன்’ பாராமீட்டர். ஒரு கம்பிக்கு ஒரு பார்ட்டிஷன்தான், எண்ணிடுவதும் அதற்குள்தான். அதை வரைபடத்தோடு பொருத்தி வைத்து வடிகட்டினால் இரட்டை எண்ணிக்கைக்கு இடமில்லை. மேலே சொன்ன ‘சொந்தத் தளம்’ யோசனையின் உறவு இது.

எஃகுக் கட்டுமானக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறொரு வழியில் தாண்டிவிட்டார்கள். பின்லாந்தில் பிறந்து 2011இல் டிரிம்பிள் நிறுவனத்தின் வசம் போன டெக்லா மென்பொருளில், பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு வரைபடமும் ஒரு குறிப்பிட்ட பாகத்தின் வரைபடம்: ஒரு பீம், அதோடு பற்றவைத்த தகடுகள், போல்ட்டுகள். வரைபடமே ஒரு பொருளின் பெயரில் பிறப்பதால், தாளிலுள்ள பட்டியல் அந்த வரைபடத்துக்கு உரியதை மட்டுமே காட்டுகிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டடங்களுக்கு எஃகு விவர வரைபடம் தயாரிக்கும் சென்னை, கோவை அலுவலகங்களில் டெக்லாவில் பழகியவர்கள் ரெவிட்டுக்கு மாறும்போது, ‘தாளில் இருக்கும் பட்டியல் ஏன் கட்டடம் முழுவதையும் எண்ணுகிறது’ என்று குழம்புவது இயல்பு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கட்டடக் கலைஞரின் தாள் ஓர் இடத்தைக் காட்டுகிறது, பட்டறையின் தாள் ஒரு பொருளைக் காட்டுகிறது.

திறந்த மூல உலகிலும் ஒரு பார்வை. பிளெண்டர்பிம் என்று தொடங்கி 2024இல் போன்சாய் என்று பெயர் மாறிய கருவியில், அட்டவணை ஒரு விரிதாள் கோப்பாக வெளியே இருந்து தாளில் வந்து அமர்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது தேர்வுக் கட்டளையில் எழுதப்படும். சிரமம் அதிகம், ஆனால் அட்டவணையில் ஒரு வரி ஏன் வந்தது என்று கேட்டால் எழுத்தில் விடை இருக்கும். தெரிவதை வைத்து வடிகட்டும்போது அந்த விடை, யாரோ எப்போதோ இழுத்துவிட்ட ஓர் எல்லைக்கோட்டில் ஒளிந்திருக்கிறது.

ஆக, இரண்டு வகை அட்டவணையையும் ஒரே பையில் போடக் கூடாது. தாளை வாசிக்க உதவும் அட்டவணைக்குத் தாள்வாரி டிக் போடலாம், தயக்கமே வேண்டாம். பணமும் பொருளும் கைமாறும் அட்டவணைக்கு அதைத் தொடவே கூடாது. அதற்குப் பகுதி, பார்ட்டிஷன் என்று எழுதிவைத்த தகவல்தான் அடிப்படை. கதவு அட்டவணையே இரண்டு வேலையையும் செய்ய வேண்டியிருந்தால், தாளில் உள்ளதில் எண்ணிக்கைப் பத்தியை நீக்கிவிட்டு, ஆர்டருக்கான மொத்த அட்டவணையைத் தனித் தாளில் கொடுப்பது நல்லது. எண்ணிக்கை இருந்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், ‘இத்தாளில் தெரிபவை மட்டும், கொள்முதலுக்கு அன்று’ என்ற குறிப்பை அட்டவணைத் தலைப்பிலேயே சேர்த்துவிடலாம்.

வரைபடக் கட்டை வெளியே அனுப்பும் முன் ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தாள்வாரி அட்டவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கட்டடம் முழுவதின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை அதிகமாக இருந்தால் மேட்ச் லைன் ஓரங்களையும் கீ பிளானையும் பாருங்கள். குறைவாக இருந்தால் ஏதோ ஒரு தாளில் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள், அல்லது ஒரு பகுதி எந்தத் தாளிலும் வரவில்லை. இரண்டும் பொருந்தினாலும் அவசரப்பட வேண்டாம்: இரட்டை எண்ணிக்கையில் கூடிய ஒன்றும் மறைந்துபோன ஒன்றும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கலாம். கதவு எண்களையும் ஒரு முறை வரிசையாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.